இடது பக்கம் லாங் லாங்னு போட்டா போதுமாம்!

சி புரோகிராம்ல ரெண்டே எழுத்து. எல் எல். எண்ணுக்குப் பின்னாடி இதைப் போட்டா அது லாங் லாங், அதாவது ரொம்பப் பெரிய எண்ணையும் தாங்குற வகை. அதை அழிச்சுட்டார் எங்க டீம் லீடர். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. "இடது பக்கம் லாங் லாங் இருக்கே தம்பி, நம்பருக்குப் பின்னாடி வால் எதுக்கு?"ன்னு குறிப்பு மட்டும் எழுதி வெச்சுட்டு, புரோகிராமைக் கஸ்டமருக்கு அனுப்பியாச்சு.

அந்த வரி என்னன்னு பாருங்க. முப்பது நாளை மில்லிசெகண்டா மாத்தணும். 30 * 24 * 60 * 60 * 1000. விடை 2592000000. இன்ட்ங்கிற சாதாரண முழு எண் வகை (இங்க 32 பிட்) 2147483647க்கு மேல தாங்காது. அதனாலதான் முதல் 30க்குப் பின்னாடியே எல் எல் போட்டேன். முதல் எண் லாங் லாங்னா பெருக்கல் முழுக்க லாங் லாங்லயே போகும். எடுத்துட்டா? 30 இன்ட். 24 இன்ட். 1000 இன்ட். இன்ட்டை இன்ட்டால பெருக்கினா இன்ட்தான்யா வரும்! சமக்குறிக்கு இடது பக்கம் என்ன இருக்குன்னு கம்பைலர் (நாம எழுதினதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்றது) அப்போ திரும்பிக்கூடப் பார்க்காது. பெருக்கி, அளவைத் தாண்டி வழிஞ்சு, கெட்டுப்போன பிறகுதான் லாங் லாங்ல போட்டு வைக்கும். சி மொழி ஸ்டாண்டர்ட்படி அப்படி வழிஞ்சா என்ன வரும்னு உத்தரவாதமே கிடையாது. எங்களுக்கு வந்தது -1702967296.

கடலூர் சிப்காட்ல ஒரு ஆலை மோட்டார். முப்பது நாள் ஓடினா சர்வீஸ் கேட்கணும். ஸ்விட்சைப் போட்டதுமே கேட்குது. அணைச்சுப் போட்டாலும் கேட்குது. கேட்காம என்ன செய்யும்? ஓடின நேரம் பூஜ்யமா இருந்தாலும் அந்த மைனஸ் எண்ணைவிடப் பெருசாச்சே! போன் யாருக்கு வந்துச்சு? எனக்கு. திட்டு யாருக்கு? எனக்கு!

ஜிசிசிங்கிற கம்பைலர் இதுக்குத் தானாவே வார்னிங் கொடுக்கும். அது கண்ணை உறுத்துதுன்னு மொத்த வார்னிங்கையும் அணைச்சு வெச்சிருக்கார் மனுஷன்.

எடுத்துச் சொன்னா, "பெருக்காதே, விடையை ஹெக்ஸ்ல போட்டுடு, தீர்ந்தது"ங்கிறார். ஹெக்ஸ்னா பதினாறை அடிமானமா வெச்சு எண்ணை எழுதுறது. எங்க தீர்ந்தது? டெசிமல்ல, அதான் வழக்கமான பத்தடிமானத்துல, எழுதினா எண் கொள்ற வகை கிடைக்கிற வரைக்கும் இன்ட், லாங், லாங் லாங்னு ஏறும், மைனஸே இல்லாத அன்சைன்டு பக்கமே போகாது. 1999 ஸ்டாண்டர்ட் அப்படி. ஹெக்ஸ்ல எழுதினா இன்ட்டுக்கு அடுத்த படியே அன்சைன்டு இன்ட். அங்கேயே நின்னுடும். -1 இதைவிடச் சின்னதான்னு கேளுங்க. டெசிமல் ஆமாங்கும். ஹெக்ஸ் இல்லைங்கும், ஏன்னா அங்க -1 போய் 4294967295 ஆயிடும். ஒரே எண்ணுக்கு!

காலேஜ்ல யார் சொல்லிக்கொடுத்தா? நீலத் திரை டர்போ சி, அந்தக் காலத்துக் கம்பைலர். அதுல இன்ட் 16 பிட், 32767 தாண்டினா போச்சு. ஒரு நாளுக்கு எத்தனை செகண்டுன்னு 24 * 60 * 60 போட்டாலே தப்பா வரும். அதை ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தா ஜென்மத்துக்கும் மறக்காது. பாலிண்ட்ரோம், ஃபிபனாச்சி, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து. முடிஞ்சுது பாடம்.

எல்லாத்தையும் சரிபண்ணிட்டு ராத்திரி கடலூர் பஸ்ஸைப் பிடிச்சா, பாண்டிச்சேரி மரப்பாலத்துல அப்படியே நிக்குது. முன்னாடி லாரி, குறுக்கே ஆட்டோ, நடுவுல புகுந்து வர்ற பைக். அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள உசிரு போயிடுது. இந்த ரோட்டுக்கு ஒரு வழி பண்ணவே மாட்டாங்களா?