வள்ளுவர் சிலைக்குள் ஒரு 19

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். படகுக்கு வரிசையில் நிற்கும்போது, பொழுது போகட்டுமே என்று சொன்னேன்: வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. மேலே சிலை 95 அடி, பொருளின் 70-க்கும் இன்பத்தின் 25-க்கும். மொத்தம் 133.

"மாமா, எல்லாம் 19-ல போவுதே" என்றாள்.

38 இரண்டு பத்தொன்பது. 95 ஐந்து. 133 ஏழு. 2000-த்தில் சிலை திறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து 1330-ஐப் பிரித்தோம்: 2×5×7×19. இதைவிட அழகான ஒன்று அதற்குள் இருக்கிறது. வடசேரிப் பழக்கடையில் ஆரஞ்சை முக்கோணமாக அடுக்குவதாக வையுங்கள். உச்சியில் 1, அடுத்த தட்டில் 3, பிறகு 6, 10 என்று இறங்கினால் பத்தொன்பதாவது தட்டில் 190 பழம். மொத்தத்தைக் கூட்ட வேண்டாம், 19×20×21-ஐ 6-ஆல் வகுத்தால் போதும். சரியாக 1330. குறளுக்கு ஒரு பழம் வைத்தால் ஒன்றுகூட மிஞ்சாது, குறையாது. கணக்கில் இதற்கு நான்முகி எண் என்று பெயர்.

இதைச் சொன்னதுமே "வள்ளுவர் அன்றே அறிந்திருந்தார்" என்று வாட்ஸப்பில் ஒருவர் கிளம்புவார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு. 38-ம் 95-ம் 19-ல் வகுபட்டால் அவற்றைக் கூட்டிய 133 வகுபட்டே தீரும், அது தனி அதிசயம் இல்லை. அடி அளவும் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதிகாரக் கணக்கைப் பார்த்து வைத்தது. பிரித்துப் பார்த்தால் 70-ம் 25-ம் 19-ல் போகாது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு போட மாட்டார்கள். 1330 வரை இப்படி அடுக்கக்கூடிய எண்கள் 19 மட்டும், அதாவது எழுபதுக்கு ஒன்று. தற்செயலாக அமைய அது போதும். அந்தக் குணம் எண்ணுடையது. யாரும் குறளே எழுதாவிட்டாலும் 1330 ஆரஞ்சு அப்படித்தான் அடுக்கில் அமையும்.

அப்புறம் அவள் நாகர்கோவில் பின்கோடு 629001-ஐ எடுத்தாள். இலக்கங்களைக் கூட்டினால் 18, எனவே 9-ல் போகும். மிச்சம் 69889. 7, 11, 13 என்று பகா எண்களாகப் போட்டுக்கொண்டே வந்தாள், ஒன்றும் அசையவில்லை. 43-ல் நான் கையை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. 47-ல் உடைந்தது: 47×1487. இரண்டும் பகா எண்கள்.

நம்மூர் வண்டி நம்பர் டிஎன் 74, திருப்பிப் போட்டால் 47. நியூமராலஜிக்காரர் யாராவது இதை எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

இப்போது என் செல்போன் நம்பரைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பத்து இலக்கம், ஒரு லட்சம் வரை வகுத்துப் பார்க்க வேண்டிவரலாம் என்று சொல்லிவிட்டேன். "பரவாயில்ல மாமா, லீவுதானே" என்கிறாள்.