பதிவு செய்யாத கதைக்கும் பதிப்புரிமை உண்டு
அண்ணே, மைஐபிஓ என்ற மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் பதியாத கதைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வைத்து ஏஐயைப் பயிற்றுவிக்கத் தடையில்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்த உழைப்பில் உருவான கதையைத் தாளிலோ கணினியிலோ எழுதி வைத்தாலே உரிமை வந்துவிடும். எழுத்தாளர் காலமான பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கும். மைஐபிஓவில் அறிவிப்பது அவரவர் விருப்பம்; வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும், அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் சொல்லும் கணினித் தரவுப் பகுப்பாய்வு விலக்கு, அதாவது கணினியால் அலசுவதற்காகப் படைப்பை அனுமதி கேட்காமல் நகலெடுக்க விடும் விதி, சிங்கப்பூரின் 2021 சட்டத்தில் இருப்பது. அது கோலாலம்பூரில் செல்லாது. சிங்கப்பூரில்கூட படைப்பை முறையான வழியில் பெற்றிருக்க வேண்டும்.

இங்கே கோலாலம்பூரின் செந்தூலில் புதிதாக எழுத வரும் பிள்ளைகள் நீங்கள் எழுதியதை நம்பித் தங்கள் உரிமையை விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.