கோவில் நகரத்துக்குள் இல்லையே!

பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 45-ஆம் அதிகாரத்தில் வரும் பரிசுத்த பங்கு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். தேசத்தைப் பங்கிடும்போது கர்த்தருக்கென்று பிரித்து வைக்கும் அந்த நிலத்தை, கோவில் கட்ட ஒதுக்கிய மனை என்று மட்டும் அது விளக்குகிறது. 48-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் விஷயம் வேறு. 25,000-க்கு 25,000 கோல் என்ற அந்தச் சதுரத்தில் பலி செலுத்தும் ஆசாரியருக்கு 10,000 அகலம், கோவில் பணி செய்யும் லேவியருக்கு 10,000, மிச்சம் 5,000 நகரத்துக்கு. பரிசுத்த ஸ்தலம் இருப்பது ஆசாரியர் பங்கில். நகரமோ பொது இடம் என்றே 48:15 சொல்கிறது. சாலொமோன் காலத்தில் ராஜாவின் அரண்மனையும் ஆலயமும் ஒட்டி நின்றன. 43:8 கண்டிப்பது அந்த ஒட்டுறவைத்தான் என்று நினைக்கிறேன். இந்தத் தரிசனத்திலோ, ஜனங்களை ஆளும் அதிபதியின் நிலம் சதுரத்துக்கு வெளியே, கிழக்கிலும் மேற்கிலும். ஜனங்களின் சொத்தை அவன் பிடுங்கக் கூடாது என்று 46:18 கறாராகச் சொல்கிறது. லேவியர் தங்கள் நிலத்தை விற்கவும் முடியாது. எருசலேம் விழுந்த 14-ஆம் வருஷம், பாபிலோனில் சிறையிருப்பில் இருந்த எசேக்கியேல் கண்ட தரிசனம் இது. நிலம் பறிபோன வலி அதில் இருக்காதா? சரி, வருங்காலத்தில் அப்படியே கட்டப்படுமா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். அந்நியருக்கும் சுதந்தரம், அதாவது நிலத்தில் உரிமைப் பங்கு, கொடுக்கச் சொல்லும் 47:22-23 பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?