வேதம் வாசிக்க ஏழு நிமிடம் இல்லையா?

ஆராதனை வேதத்தின்படி நடக்கிறதா என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் நேரே டிரம்ஸ், முக்காடு, கைதட்டல் என்று இறங்கிவிடுகிறார்கள். (டிரம்ஸ் பிரச்சினைக்கு, கைத்தாளங்களால் துதிக்கச் சொல்லும் 150ஆம் சங்கீதம் இருக்கிறது, அதோடு விட்டுவிடலாம்.) வேதமே செய்யச் சொன்ன ஒரு காரியம் வருடா வருடம் சுருங்குகிறது. அதற்காகச் சண்டை போடத்தான் ஆளில்லை. சபையில் வேதத்தைச் சத்தமாக வாசிப்பதைச் சொல்கிறேன்.

"நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு" (1 தீமோத்தேயு 4:13). கூடிவந்த சபைக்கு முன் வாசிப்பதைத்தான் பவுல் இங்கே சொல்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தைச் சகோதரர் யாவருக்கும் வாசிக்கவேண்டும் என்று கர்த்தர்பேரில் ஆணையிடுகிறார் (5:27). இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமை கூடுகையில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகளின் எழுத்துகள் நேரம் இடம்கொடுக்கும்வரை வாசிக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார்.

இங்கே கோலாலம்பூரில் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடைவீட்டு மாடிகளில் கூடும் சபைகள் பலவற்றில் இரண்டு மணி நேர ஆராதனை எப்படிப் போகிறது? பாட்டு முக்கால் மணி, பிரசங்கம் முக்கால் மணி, மீதி அறிவிப்பும் பிறந்தநாள் ஜெபமும். வாசிப்பு என்றால் பிரசங்கியார் எடுத்த ஒற்றை வசனம் திரையில் வந்து மறைவதுதான். எந்த ஞாயிறு எந்தப் பகுதியை வாசிப்பது என்று பாட அட்டவணை வைத்திருக்கும் மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் ஓரளவு தப்பித்தன. பல நாடுகளில் புழங்கும் 1992ஆம் ஆண்டு அட்டவணை, பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று வாரம் நான்கு பாடம் வைத்து மூன்று வருடத்தில் சுற்றி வருகிறது. ஆனால் நேரமாகிவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அங்கேயும் பழைய ஏற்பாடுதான்.

வாசிப்பு மக்களுக்குச் சலிப்பதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். வாசிப்பவர் பெயரை ஞாயிறு காலையில் வாசலில் வைத்துச் சொன்னால் தடுமாறத்தான் செய்வார். புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில்) "மீறுதல்களினிமித்தம்" போன்ற நீண்ட சொற்கள் வரிக்கு வரி வரும். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட்டு, வீட்டில் மூன்று தரம் வாய்விட்டு வாசிக்கட்டும். மைக் வாய்க்கு நேரே வேண்டாம். சற்றுக் கீழே, நான்கு விரல் தள்ளி இருந்தால் "ப" வெடிக்காது. பாட்டுக்குப் போட்ட எக்கோவை ஒலிக்கருவிப் பொறுப்பாளர் அணைக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் பாதி எழுத்து காதில் விழாது.

எல்லாப் பகுதியையும் போதகர் ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று மாற்றி வாசிப்பதும் சரியல்ல. எபேசியர் 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். அதைப் பன்னிரண்டு துண்டாக்கினால் பொருள் யார் கையிலும் தங்காது. ஒருவரே வாசிக்கட்டும். 136ஆம் சங்கீதம் வேறு மாதிரி: 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. முன்பாதியை ஒருவர் வாசிக்க, பின்பாதியைச் சபை சொல்லலாம். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத நம் பிள்ளைகளும் அதில் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்காக முழு அதிகாரத்தையும் ரோமன் எழுத்தில் திரையில் போட்டால் கண் எழுத்தோடு மல்லுக்கட்டும், காது மூடிக்கொள்ளும்.

ஒற்றை வசனப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டிசம்பர் 31 இரவு, புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையே சாட்சி. தேவன் நம்பேரில் நினைப்பது சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்னும் எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடிக்கும். அதற்கு முந்திய வசனம் பாபிலோனிலே எழுபது வருஷம் என்கிறது! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்பதும் அதே கடிதம்தான் (29:5-7). கோலாலம்பூரில் பிழைக்கும் சபைக்கு இதைவிட நெருக்கமான பகுதி எது? அட்டை கொடுப்பதென்றால் கொடுங்கள். அதே இரவில் அந்த வசனம் வரும் அதிகாரத்தையும் முழுதாக வாசியுங்கள். எரேமியா 29 மொத்தம் 32 வசனம். நிதானமாக வாசித்தாலும் ஏழெட்டு நிமிடம்தான்.