தொகுதி எண்ணும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களும்: ஒரு திருத்தம்

தனிம வரிசை அட்டவணையில் ஒரு தனிமத்தின் தொகுதி எண் (அது அமைந்துள்ள நெடுவரிசையின் எண்) எதுவோ, அதுவே அதன் இணைதிறன் எலக்ட்ரான்களின் (அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களின்) எண்ணிக்கை என்று ஒரு கருத்து பதிவாகி, பலராலும் பகிரப்பட்டுள்ளது. 1, 2 ஆகிய தொகுதிகளுக்கு இது சரியே. ஆனால் 13 முதல் 18 வரையிலான தொகுதிகளில், தொகுதி எண்ணிலிருந்து 10-ஐக் கழித்த பிறகே சரியான விடை கிடைக்கும். ஹீலியம் மட்டும் 18-ஆம் தொகுதியில் இருந்தும் 2 எலக்ட்ரான்களையே கொண்டது. இவற்றுக்கு இடையே 3 முதல் 12 வரையிலான தொகுதிகளில் உள்ள இடைநிலை உலோகங்களுக்கு இக்கழித்தல் விதி பொருந்தாது.

இதை நீங்களே சரிபார்க்க அலுமினியத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் அணு எண் 13, தொகுதி எண்ணும் 13. ஆகவே அந்தக் கூற்று உண்மையானால், அணுவிலுள்ள அத்தனை எலக்ட்ரான்களும் வெளிக்கூட்டிலேயே இருக்க வேண்டும், உட்கூடுகள் வெறுமையாக இருக்க வேண்டும். உண்மையில் அந்த எலக்ட்ரான்கள் உட்கூட்டிலிருந்து வெளிக்கூடு வரை 2, 8, 3 என்று அமைகின்றன. குளோரினுடன் சேரும்போது ஓர் அலுமினிய அணுவுக்கு மூன்று குளோரின் அணுக்கள் தேவைப்படுவதும் அதனால்தான். (குளோரினுக்கும் இரு எண்களும் 17 என்றே அமைந்திருப்பது வேடிக்கையான பொருத்தம், அதன் அமைப்பு 2, 8, 7.)

குழப்பத்திற்குக் காரணம் எண்ணிடும் முறையே என்று நினைக்கிறேன். பழைய அட்டவணைகளில் குளோரின் தொகுதி ஏழாம் எண்ணையே பெற்றிருந்தது. 18 நெடுவரிசைகளையும் தொடர்ச்சியாக எண்ணும் இன்றைய முறையில், இடைநிலை உலோகங்களின் 10 நெடுவரிசைகளும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.