மூன்றாம் பக்கத்துக்காக ஒரு சுதந்திரப் போராட்டம்

2003 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் ஒரு வரைவுச் சட்டம் கசிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையத்தில் வேலைவாய்ப்பும் சமூக விவகாரமும் கவனித்துக்கொண்டிருந்த கிரேக்கப் பெண்மணி அன்னா டியமன்டோபுலுவின் துறையில் தயாரானது. வேலையிடத்தில் மட்டுமில்லை, கடை, காப்பீடு, ஊடகம், விளம்பரம் என்று வெளியிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பதுதான் சாரம். அவ்வளவுதான், பத்திரிகைகளும் விளம்பரக்காரர்களும் பொங்கிவிட்டார்கள். தணிக்கை வருகிறது, கருத்துச் சுதந்திரம் போச்சு! பிரிட்டனில் 'தி சன்' நாளிதழ் 1970லிருந்து மூன்றாம் பக்கத்தில் போட்டுவந்த மேலாடையில்லாத பெண் படத்துக்கே ஆபத்து என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. அந்தப் படத்தில் என்ன கருத்து இருந்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு சிமெண்ட் ஆலைக்கு ஒரு சட்டம் பிடிக்கவில்லையென்றால் அது பத்திரிகையிடம் போய்ப் புலம்ப வேண்டும், பத்திரிகை அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். இங்கே புலம்புகிறவரும் பத்திரிகை, அதைச் செய்தியாக்குகிறவரும் பத்திரிகை. விளம்பரக் காசில் ஓடுகிற தாளில் விளம்பரச் சட்டத்தைப் பற்றி நடுநிலையாக எத்தனை வரி வந்துவிடும்?

அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் முறைப்படி முன்மொழிந்தபோது ஊடகமும் விளம்பரமும் வெளியே. 2004 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அதன் 3ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: ஊடக, விளம்பர உள்ளடக்கத்துக்கும் கல்விக்கும் இது பொருந்தாது. ஆண் இப்படி, பெண் இப்படி என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்வதே இந்த இடங்களில்தான், அவற்றைப் பார்த்துப் பார்த்து விலக்கியிருக்கிறார்கள்.

காப்பீட்டு நிறுவனங்களும் அன்று குறைவாகக் கத்தவில்லை. ஆணுக்கு ஒரு பிரீமியம் பெண்ணுக்கு ஒரு பிரீமியம் வைத்துக்கொள்ள அவர்களுக்கும் ஒரு விலக்கு கிடைத்தது. ஆனால் 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. ஊடகத்துக்கான விலக்கு அப்படியே இருக்கிறது.

இதில் வேடிக்கை, தொலைக்காட்சி விளம்பரத்தில் பால் பாகுபாடு கூடாது என்று 1989லேயே ஐரோப்பியச் சட்டம் இருந்தது. அதனால் எந்தச் சேனலும் இருண்டுபோகவில்லை. தாளுக்கும் சுவரொட்டிக்கும் வந்தால் மட்டும் சர்வாதிகாரமாம்.

சரி, அவர்கள் பயத்தில் நியாயமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. எது பாகுபாடு என்று யார் முடிவு செய்வது? பிரிட்டனில் விளம்பரத் துறையே வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஜூனில் ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று அச்சில் வார்த்துக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக ஒரு விதி கொண்டுவந்தது. ஆகஸ்டில் முதல் தடை. ஃபோக்ஸ்வாகன் விளம்பரத்தில் ஆண்கள் விண்வெளியில் மிதக்கிறார்கள், பெண் ஒருத்தி குழந்தை வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதுக்கெல்லாமா தடை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது, இப்போதும் பாதி தோன்றுகிறது. ஆனால் ஒரு தீர்ப்பு தப்பு என்று சண்டை போடலாம், மேல்முறையீடு கேட்கலாம். விதியே வேண்டாம் என்றால் எதை வைத்துச் சண்டை போடுவது?

அப்புறம் அந்த மூன்றாம் பக்கம். 2012லிருந்து பெண்கள் கையெழுத்து வாங்கி வாங்கி நெருக்கியதில், 2015 ஜனவரியில் 'தி சன்' ஒரு அறிவிப்புகூட இல்லாமல் அதை நிறுத்திவிட்டது. பத்திரிகை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.