சலுகை இல்லை என்று எத்தனை தரம் சொல்லுறது

சனிக்கிழமை நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. காணொளி எல்லாக் குழுமங்களிலும் ஓடிவிட்டது, எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள். கடிதத்தை வாசித்தவரை எனக்குத் தெரியும். கை தட்டினவர்களில் பாதிப் பேரையும் தெரியும், அவர்களின் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். "முஸ்லிம்களுக்கு மட்டும் ஏன் விசேட சலுகை, பிரித்தானியத் தமிழர் சார்பில் இதை எதிர்க்கிறோம்" என்று எம்.பி.க்கு எழுதப் போகிறார்களாம். பள்ளிவாசல்களுக்கு அரசாங்கம் தரும் பாதுகாப்புக் காசையும், முஸ்லிம் வெறுப்பு என்றால் என்ன என்று சொல்லும் வரைவிலக்கணத்தையும்தான் சலுகை என்கிறார்கள். முஸ்லிமான நான் எழும்பினதும் ஒருவர் சொன்னாரே, "தங்கச்சி, உங்களைச் சொல்லேல்ல, நீங்கள் எங்கட ஆள்" என்று, அதற்கு எழும்பிய சிரிப்பு இன்னும் எனக்குள் கிடந்து உறுத்துகிறது.

சரி, கடிதத்தில் எழுதியிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

இது சலுகை இல்லை. இந்த நாட்டில் மற்றப் பலர் எப்போதோ உள்ளே போய் நின்றுவிட்ட ஒரு கூரைக்குக் கீழே முஸ்லிம்களுக்கும் கொஞ்சம் இடம் விடுகிறார்கள், அவ்வளவுதான். இன உறவுச் சட்டம் இங்கே 1965 இல் வந்தது, 1968 இலும் 1976 இலும் விரிவாக்கினார்கள். தலைப்பாகையோடு வந்த சீக்கியப் பையனைச் சேர்க்க மாட்டோம் என்று பேர்மிங்ஹாமில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் சொன்னதற்கு வழக்குப் போய், 1983 இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சீக்கியரை ஓர் இனக்குழு என்று ஏற்றுக்கொண்டது. யூதர்களுக்கும் அதே பாதுகாப்பு இருந்தது. மிக நியாயம். ஆனால் முஸ்லிம் என்பவர் பாகிஸ்தானியாகவும் சோமாலியாகவும் துருக்கியாகவும் தமிழாகவும் இருப்பதால், "இனம்" என்ற கணக்குக்குள் எங்களைக் கொண்டுவரவில்லை. அதனால் 2003 டிசம்பர் வரைக்கும் இங்கிலாந்தில் ஒரு முதலாளி "நீ முஸ்லிம், உனக்கு வேலை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னாலும், மதப் பாகுபாடு என்று நேரடியாகக் கேட்கச் சட்டம் இருக்கவில்லை. கடை, ஹோட்டல், வாடகை வீடு எல்லாவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பை நீட்டியது 2006 சட்டம். 2006 என்பது நேற்று மாதிரி. அங்கே கை தட்டினவர்களில் பலர் அதற்கு முன்பே இங்கே பிரஜாவுரிமை எடுத்துவிட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். இனவெறுப்பைத் தூண்டும் குற்றத்துக்கு, மிரட்டுகிற அல்லது கீழ்த்தரமாக ஏசுகிற பேச்சால் வெறுப்பு கிளம்பக் கூடும் என்று காட்டினாலே போதும். மதவெறுப்பைத் தூண்டியதாக ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால், பேச்சு மிரட்டலாகவே இருக்க வேண்டும், தூண்டும் நோக்கம் இருந்ததையும் நிரூபிக்க வேண்டும். மதத்தை விமர்சிக்கலாம், பகிடி பண்ணலாம், அவமதிக்கலாம் என்று சட்டத்திலேயே தனிப்பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படியிருக்க, எங்களுக்கு மேலதிகமாக ஏதோ கிடைக்கிறது என்று மேடையில் நின்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

"அப்ப கோயில்களுக்கு ஏன் காசு குடுக்கேல்ல?" இதற்குத்தான் அன்றைக்குக் கூடுதலாகக் கை தட்டினார்கள். வழிபாட்டிடங்களுக்குப் பாதுகாப்பு உதவி தரும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. கோயில், குருத்வாரா, தேவாலயம் எல்லாம் அதற்கு விண்ணப்பிக்கலாம். யூத சமூகத்துக்குத் தனி மானியம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். 2025 ஒக்டோபர் 2 அன்று மன்செஸ்டரில் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளில் ஜெப ஆலயத்துக்கு முன்னால் நடந்த தாக்குதலை யாரும் மறக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கிழக்கு சசெக்ஸில் பீஸ்ஹேவன் பள்ளிவாசல் வாசலுக்குத் தீ வைத்தார்கள், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே. அந்த மாதத்திலேயே பிரதமர் அங்கே போய், பள்ளிவாசல்களின் பாதுகாப்புக்கு மேலதிகமாக 1 கோடி பவுண் என்று அறிவித்தார். இதைத்தானே கடிதத்தில் "சலுகை" என்று எழுதியிருக்கிறீர்கள்? தொழப் போகிற கிழவர்கள் எரிந்து சாகாமல் இருக்க ஒரு கமராவும் ஒரு உறுதியான கதவும் வைப்பது சலுகையா?

2025 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான உள்துறை அமைச்சின் கணக்கில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 3,199. முந்தைய ஆண்டைவிட 19 சதவீதம் கூட. லண்டன் பெருநகரப் பொலிஸின் எண்கள் இதில் சேரவில்லை. மதத்தை வைத்து நடந்த குற்றங்களில் கிட்டத்தட்ட 100 க்கு 45 எங்கள் மீது. சனத்தொகையோடு ஒப்பிட்டால் யூதர்கள் மீதுதான் இதைவிடக் கூட நடக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது பொலிசுக்குப் போனவர்களின் கணக்கு. பஸ்ஸில் துப்பினவனைப் பற்றி யார் பொலிசுக்குப் போகிறார்கள்? என் மகள் போகவில்லை. "உம்மா, போனா என்ன கேப்பாங்க, அவன்ட முகம் ஞாபகம் இருக்கா என்டு கேப்பாங்க, விடுங்க" என்றாள். அவளுக்கு அப்போது ஏ லெவல் பரீட்சை வேறு இருந்தது.

2024 ஜூலை 29 சவுத்போர்ட்டில் மூன்று சின்னப் பிள்ளைகளைக் கொன்றவன் முஸ்லிம் இல்லை, கடல் கடந்து வந்த அகதியும் இல்லை, கார்டிஃபில் பிறந்தவன். ஆனால் அடுத்த நாளே பொய்க் கதையை நம்பிச் சவுத்போர்ட் பள்ளிவாசலுக்குக் கல்லெறிந்தார்கள். பிறகு ரொதர்ஹாமில் அகதிகள் இருந்த ஹோட்டலைக் கொளுத்தப் பார்த்தார்கள். மிடில்ஸ்பரோவில் தெருவை மறித்து, வருகிற கார்க்காரர்களிடம் நீ வெள்ளையா, இங்கிலிஷ்காரனா என்று கேட்டார்கள். அங்கே யாரும் "நீ சைவமா, கிறிஸ்தவமா, இஸ்லாமா" என்று கேட்கவில்லை. திருநீறு பூசியிருந்தால் "நீங்கள் போங்கோ ஐயா" என்று வழி விட்டிருப்பார்களா? 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் பழிவாங்குகிறேன் என்று முதலில் சுட்டுக் கொன்றது அரிசோனாவில் பெற்றோல் நிலையம் வைத்திருந்த ஒரு சீக்கியரை. 1990களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் அடித்துக் கொல்லப்பட்ட அகதி ஒரு தமிழர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களோடு தெருவில் நின்றவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், கறுப்பினத்தவரும் இருந்தார்கள். 1987 இல் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பாதே என்று உடுப்பைக் கழற்றி நின்ற தமிழர்களின் படத்தை நாமே ஒவ்வொரு அகதிகள் தினத்துக்கும் பகிர்கிறோம். அதே கையால் இந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்கிறோம்.

அந்தக் கலவரம் நடந்த 2024 ஓகஸ்ட் வாரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா தினமும் காலை தன் காரில் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். சைவம், கந்தசஷ்டி தவறாமல் பிடிக்கிறவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாத் தமிழரையும் திட்டுகிறேன் என்று அடுத்த பதிவு வரும்.

இப்போது பேச்சுச் சுதந்திரக்காரர்களுக்கு. வரைவிலக்கணம் வந்தால் மதத்தை விமர்சிக்க முடியாமல் போகுமே என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். 2018 இல் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு முஸ்லிம் வெறுப்புக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. அடுத்த ஆண்டு அரசாங்கம் அதை வேண்டாம் என்றது, நாங்களே ஒன்று எழுதுவோம் என்றது, எழுதவேயில்லை. ஓர் ஆலோசகரை நியமித்தார்கள், 2022 இல் அவரையும் நீக்கினார்கள். 2025 பெப்ரவரியில்தான் பழைய சட்டமா அதிபர் டொமினிக் கிரீவ் தலைமையில் அதை எழுதக் குழு அமைத்தார்கள். அவர் முன்னாள் பழமைவாதக் கட்சி எம்.பி., இமாம் இல்லை. சட்டப் பலம் இல்லாத வரைவிலக்கணம், பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் வரைவிலக்கணம் என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். யூத எதிர்ப்புக்கு 2016 இலேயே இதே போல ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள், அப்போது நம் சங்கங்களில் ஒன்றாவது எதிர்த்துக் கடிதம் எழுதியதா? மதநிந்தனைக் குற்றத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 இல் ஒழித்தாயிற்று. 2025 இல் லண்டனில் துருக்கித் துணைத் தூதரகத்துக்கு முன்னால் குர்ஆனை எரித்தவருக்கு விதித்த தண்டனை அந்த ஆண்டு ஒக்டோபரில் மேல்முறையீட்டில் ரத்தானது. அந்தக் காட்சி என்னை எவ்வளவு நோகடித்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்கு எதிராக நான் ஒரு வரி எழுதவில்லை. என் மார்க்கத்தை யாரும் விமர்சிக்கட்டும். என் மகளின் முக்காட்டை இழுக்காதே என்கிறேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நம் ஆட்கள் படிக்காதவர்கள் இல்லை.

"உயிர்த்த ஞாயிறு குண்டு?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 2019 இல் இலங்கையில் நடந்த அந்தச் சாவுகளுக்காக நானும் அழுதேன். அதற்கு மேல் என்னிடம் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

"பாகிஸ்தானில் இந்துக்களுக்கு நடப்பதைப் பற்றிப் பேசினீங்களா?" பேசியிருக்கிறேன், என் இணையப் பக்கத்தில் கிடக்கிறது, தேடிப் பாருங்கள். ஆனால் லண்டன் ஹரோவில் ஒரு பிள்ளை மேல் துப்பினதற்குக் கராச்சியில் இருந்து ஏன் நியாயம் கொண்டுவருகிறீர்கள்?

அப்புறம் இந்த "எங்கட ஆள்" கதை. இங்கே வந்து கலியாணம் முடித்த புதிதில் வீடு தேடினோம். தமிழ்க்கடைக் கண்ணாடியில் தமிழில் எழுதி ஒட்டியிருந்த விளம்பரம். தொலைபேசியில் கதைத்தபோது அந்த ஐயாவுக்கு அவ்வளவு சந்தோசம், "யாழ்ப்பாணமோ பிள்ளை, வந்து பாருங்கோ" என்றார். போனோம். கதவைத் திறந்து என் முக்காட்டைப் பார்த்தார், பிறகு என் கணவரின் தாடியைப் பார்த்தார். "நாங்கள் தமிழ் ஆக்களுக்குத்தான் குடுக்கிறது" என்றார். தமிழில்தான் சொன்னார், எனக்கு. வீடு வாடகைக்கு விடுவதில் இப்படிப் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம், இன்றைக்கு 2010 சமத்துவச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. முறைப்பாடு செய்வோம் என்று கணவர் நின்றார். புத்தளத்தில் இருந்து வாப்பா தொலைபேசியில் சொன்னார், "விடு மகள், எங்கட ஆக்கள் மேல வழக்குப் போடுறதா?" என்று.

1990 ஒக்டோபரில் ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னபோது, கையில் கொஞ்சக் காசோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த மனிதர் அவர். யார் அனுப்பினார்கள் என்று எழுத வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அப்படிப் போனார்கள். அதற்குப் பிறகும் அவருக்கு நீங்கள் "எங்கட ஆக்கள்". உங்களுக்கு நாங்கள் "உங்களைச் சொல்லேல்ல".

இதை எழுதினால் பழசைக் கிளறுகிறாள் என்பீர்கள். கிளறவில்லை. நம்மால் சேர்ந்து நிற்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். கொரோனாவில் இலங்கை அரசாங்கம் எங்கள் மையித்துகளைக் கட்டாயமாக எரித்தபோது, புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும் கேட்காமல் எரித்தபோது, 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்தார்களே, அந்தக் கோரிக்கைகளில் இந்த எரிப்பை நிறுத்து என்பதும் இருந்தது. அதைப் பார்த்து என் உம்மா அழுதார். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டபோது அவருக்கு அதில் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை. தமிழர்கள் எங்களுக்காக நடந்ததைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் பயத்தோடு நின்று செய்ததை, இந்த நாட்டில் சட்டமும் பாதுகாப்பும் எல்லாம் இருக்கும்போது செய்ய முடியாமல் என்ன வந்தது நமக்கு?

அரசாங்கம் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கமராவுக்கும் வேலிக்கும் காசு தருகிறார்கள், நல்லது. ஆனால் வெறுப்பு பள்ளிவாசல் வாசலில் மட்டுமா நடக்கிறது? வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், வீட்டு முகவரின் தொலைபேசியில், பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில், பஸ்ஸில் நடக்கிறது. அதற்கு ஒரு கமராவும் உதவாது. ஒருபக்கம் வெறுப்பை ஒழிப்போம் என்று சொல்லிக்கொண்டே, மறுபக்கம் வோட்டுக்காகக் குடியேறிகளைப் பற்றி அமைச்சர்கள் கதைக்கிற கதையும் இருக்கிறது. இரண்டு கட்சியும்தான். எதிர்ப்பதென்றால் இதையல்லவா எதிர்க்க வேண்டும்?

நான் என் எம்.பி.க்குத் தனியாக எழுதுகிறேன். மதவெறுப்புக்கும் இனவெறுப்புக்கும் சட்டத்தில் ஏன் இரண்டு அளவுகோல், வாடகைப் பாகுபாடு பற்றி முறைப்பாடு செய்கிறவருக்கு உள்ளூராட்சி சபை என்ன உதவி செய்கிறது, பஸ்ஸில் நடப்பதைப் பதிய ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு இலகுவான வழி என்ன, இந்த மூன்றையும் கேட்கிறேன். சங்கத்தின் கடிதத்தை அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும், ஆனால் "பிரித்தானியத் தமிழர் சார்பில்" என்ற வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் கடிதத்தின் வரைவு வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்ப வேண்டும்.